படுத்துக்கிடக்க வந்தவர்கள்

இலவச மருத்துவ முகாம் என்றால் சுகமில்லாதவர்களைத்தானே கூப்பிடுவார்கள்? கருங்கல் ஊரில் வேன் ஏறிய மாதர் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். பெரிய ஆபீசர் வருகிறார் என்றதும் ஆலயத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலை வேறு. நேசம்மாளுக்கு அப்போதே உறுத்தியது.

மகள் ஜினிஷா அந்த மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். "கட்டில் காலியாக் கெடந்தா சோதனைக்கு வாற டெல்லிக்காரங்க காலேஜுக்க அங்கீகாரத்த ரத்து செய்திடுவாங்கம்மா. எனக்க படிப்பு பாதியில நிக்கும். ஒரு நாளு வந்து படுத்தா போதும்" என்று கெஞ்சியிருந்தாள்.

வார்டில் மருந்து வாசமே இல்லை, பெயின்ட் வாசம்தான். எட்டு டாக்டர்கள், மடிப்புக் கலையாத கோட்டோடு, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று நர்சிடம் கேட்டார்கள். சொந்த ஆஸ்பத்திரியில் அதுகூடவா தெரியாது? பக்கத்துக் கட்டிலில், வேறு வேனில் வந்த பகவதியம்மாள், காலையிலிருந்தே நெஞ்சைப் பிடித்து முனகினாள். இப்படி நடிக்க இவளுக்குத் தனியாகக் காசு ஏதும் தருகிறார்களோ?

"ஆபீசர் வரட்டும் அக்கா, பொறவு மொனங்குங்க" என்றாள் நேசம்மாள். நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு ஆபீசர் நுழைந்தார். பாழாய்ப்போன பழக்கம்! போதகர் உள்ளே வந்தால் எழுந்தே பழகிய சனம். நோயாளிகள் எல்லாரும் கட்டிலை விட்டு இறங்கிக் கைகட்டி நின்றுவிட்டார்கள். நேசம்மாளும்தான். கூடவே வந்த கல்லூரி டீனின் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் தேறி இன்னைக்கு வீட்டுக்குப் போறவங்க சார்" என்று சமாளித்தார்.

எழாதவள் பகவதியம்மாள் மட்டும். உதடு நீலம் பாரித்திருந்தது. ஐயோ, இவளுக்கு நெசமாகவே சுகமில்லை! நடிப்பென்றல்லவா நினைத்தோம்!

"அவங்க தூங்குறாங்க" என்று டீன் ஆபீசரை வாசல் பக்கம் திருப்பினார். அங்கே நின்ற ஜினிஷா, பேசாதே என்று கண்ணால் கெஞ்சினாள். வாயைத் திறந்தால் பிள்ளையின் படிப்பு போச்சு.

"சாரே, நாங்க எல்லாம் சும்மா படுக்க வந்தவங்களாக்கும். இந்த அக்கா மட்டும் நெசம். ஓடி வாங்க!" என்று கூப்பிட்டாள் நேசம்மாள்.

ஆபீசர் ஓடிவந்து நாடி பார்த்து, "ஆக்ஸிஜன்!" என்று கத்தினார். எட்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜினிஷாதான் ஓடிப்போய் சிலிண்டரை உருட்டி வந்தாள். திருகினாள். காற்றே வரவில்லை. ஆபீசர் தன் காரைக் கொண்டுவரச் சொன்னார்.

"எனக்க படிப்பு போச்சேம்மா" என்று ஜினிஷா அழுதாள்.

"போச்சு மக்கா" என்றாள் நேசம்மாள், பகவதியம்மாளின் தோளைத் தூக்கியபடி. "நீ காலப் பிடி."