தேதி போட்ட படிவம்

ஆறாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடம் முழுக்கப் ‘பட்டியல் டீச்சர்’ என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள்; அவரும் கோபித்துக்கொண்டதில்லை. வருகைப்பதிவு முடிந்ததும் முதல் பத்து நிமிஷம் பாடமே கிடையாது. அன்றைக்குச் செய்யவேண்டியதைப் பிள்ளைகள் நோட்டில் வரிசையாக எழுதவேண்டும், முடித்ததை அடிக்கவேண்டும். வீட்டுக்குப் போகிற தாளுக்குப் பச்சை உறை, வீட்டிலிருந்து வருகிற தாளுக்கு மஞ்சள் உறை. எந்தத் தாளானாலும் வலது மூலையில் தேதி. “ஞாபகம் வெச்சுக்குற வேலைய தாள் பாத்துக்கும். மூளைய யோசிக்க விடுங்க” என்பார்.

இந்த வித்தையெல்லாம் பலிக்காத ஒரே ஆள் மூன்றாம் பெஞ்சுப் பெண். ஒரே மாதத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒற்றைக் காலணியும் தொலைத்திருந்தாள். ஒற்றைக் காலணியை எப்படித் தொலைக்க முடியும் என்று யாருக்கும் புரியவில்லை, அவளுக்கும்தான். எதையெடுத்தாலும் கோட்டைவிடுகிறவள் என்பதால் பிள்ளைகள் அவளைக் ‘கோட்டை’ என்றே கூப்பிட்டார்கள். டீச்சர் கண்டித்தார். கண்டிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது போதாதா?

வகுப்பைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். வெள்ளியன்று எண்ணிப் பார்த்தால் அவளுடையது மட்டும் இல்லை.

“குடுத்துட்டேன் டீச்சர்.”

“எப்ப?”

“செவ்வாக்கெழம. வராந்தாவுல, உங்க கையிலதான் குடுத்தேன்.”

“என் கையிலயா? நல்லா யோசிச்சுச் சொல்லு. கணக்கு நோட்டக்கூட குடுத்துட்டேன்னுதான் சொன்ன. கடைசியில அது எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜு மேல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் முகத்திலிருந்த உறுதி கரைந்துபோயிற்று.

“குடுத்தேன்னுதான் நெனச்சேன். மறந்திருப்பேன் டீச்சர். சாரி.”

மேஜை இழுப்பறையில் இன்னொரு படிவம் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒருதடவை சூடு பட்டால் சரியாகிவிடுவாள் என்று டீச்சர் பேசாமல் இருந்துவிட்டார். பஸ் கிளம்பியபோது, அன்றைக்கு மட்டும் உட்காரவைத்திருந்த ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து அவள் கையாட்டினாள்.

மூன்று வாரம் கழித்து, டீச்சர் நூலகத்தில் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு வாரம் லேட்டு. நீங்களே இப்படின்னா பிள்ளைங்கள என்ன சொல்றது?” என்று சிரித்தபடி நூலகர் பக்கங்களைப் புரட்டினார். நான்காய் மடித்த தாள் ஒன்று விழுந்தது.

படிவம். அம்மாவின் கையெழுத்து. வலது மூலையில், குண்டு குண்டு எழுத்தில், செவ்வாய்க்கிழமைத் தேதி.

டீச்சருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன், ஒரு கை நிறைய நோட்டுகள், நடுவில் நீண்ட சின்னக் கை. வாங்கியதை முகம்கூடப் பார்க்காமல் புத்தகத்துக்குள் செருகியது.

அன்றே சொல்லிவிட நினைத்தார். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். மறுநாள் பரீட்சை. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சரிடம் மட்டும் சொன்னார்.

“விடுங்க. பொண்ணு இப்ப ஒழுங்காயிட்டாள்ல? எதுக்குக் கெளறணும்?” என்றார் அவர்.

அந்தப் பேச்சு டீச்சருக்கு இதமாக இருந்தது. இதமாக இருந்ததே என்பதுதான் பிறகு உறுத்தியது.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அந்தப் பெண்ணின் அம்மா பஸ் ஓட்டுநர், சீருடையோடே ஓடிவந்திருந்தார்.

“நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். பொண்ணு தலைகீழா மாறிட்டா. பைய நாலு தடவ பாக்குறா, வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாக்குறா. நேத்து என்ன கேட்டா தெரியுமா? ‘அம்மா, நான் பல்லு வெளக்கிட்டேனா?’ன்னு என்கிட்ட கேக்குறா!” அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் “நல்ல பொண்ணு” என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லத் தனக்கு எப்படி வாய் வந்தது என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பத்து நிமிஷத்தில் யாரும் பட்டியல் எழுதவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைத் தலைகுனிய வைத்தாயிற்று. எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டும் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். படிவத்தை அவளிடம் நீட்டினார்.

“நீ குடுத்திருக்கம்மா. நான்தான் தொலைச்சுட்டேன். தொலைச்சது நான், கேலிக்கு ஆளானது நீ. என்ன மன்னிச்சிரு.”

அவள் தேதியையே பார்த்தாள்.

“எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு டீச்சர். ஃபோன் பேசிட்டே வாங்குனீங்க. உங்க வாட்ச்ல பேப்பர் மாட்டிக்கிச்சு. நீங்க இல்லன்னதும், அதெல்லாம் நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்னு நெனச்சேன்.”

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

“எப்ப கெடச்சுது டீச்சர்?”

‘நேற்று’ என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“போன வாரம்.”

“அப்ப, நேத்து அம்மா வந்தப்ப…”

“தெரியும்மா. தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்.”

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மதியம் டீச்சர் அம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் பஸ் டிப்போவின் இரைச்சல்.

“அன்னிக்கு அவள நான் திட்டின திட்டு இருக்கே, டீச்சர்…” என்ற அம்மா அதை முடிக்கவில்லை.

“இந்தச் சனிக்கெழம நானே அவளக் கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார் டீச்சர்.

“வேணாம் டீச்சர். நாங்களே போய்க்கிறோம்.” குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை இடைவேளையில் மூன்றாம் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். கூரை முழுக்க நட்சத்திரம் சுற்றியதை, அம்மா பயந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதை அவள் கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் நிமிர்ந்தபோது அவள் குரல் தணிந்தது. அவர் மறுபடி நோட்டுகளின்மேல் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் குரல் பழையபடி உயர்ந்தது. பேனாவை அசைக்காமல் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.