பொருள்: மன்னிப்பு கோருதல் தொடர்பாக

என் வாய் இருக்கிறதே, அது மட்டும் இல்லாவிட்டால் நான் தங்கமானவன். ஊர் முழுக்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன் நான். கூடப்பிறந்த அக்கா தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வேறு எவனையோ கூப்பிட்டால் கோபம் வராதா? மூன்று வாரமாக ‘நாளைக்கு வரேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக? அவன் எதிரிலேயே, “இனிமே நீ யாரோ, நான் யாரோ!” என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் பேச்சே இல்லை. நானாகப் போய்ப் பேசுவதா என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் காதுக்கு வந்தது, அக்காவுக்குப் பித்தப்பையில் கல்லாம், திங்கட்கிழமை ஆபரேஷனாம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளே அவள்தான்.

நேரில் போனால் என் வாய் மறுபடியும் காரியத்தைக் கெடுத்துவிடும். கோர்ட் வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் என் வாடிக்கைக்காரர். அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, தடதடவென்று டைப் அடித்துக் கொடுத்தார்.

‘பொருள்: மன்னிப்பு கோருதல் தொடர்பாக. பார்வை: இரு மாதங்களுக்கு முன், பன்னிரண்டாம் தேதி தங்கள் இல்லச் சமையலறையில் நடைபெற்ற வாக்குவாதம்.’ அதற்குக் கீழே மேற்படி தமக்கை, மேற்படி தம்பி, மேற்படி குளிர்சாதனப் பெட்டி.

படித்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இத்தனை மரியாதையாக நான் ஜென்மத்தில் யாரிடமும் பேசியதில்லை. “சாதாத் தபால்ல போட்டா யாரு மதிக்கிறா?” என்று அவரே பதிவுத் தபாலில் அனுப்பியும் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் மாமா போன் செய்தார். அக்கா வீட்டுக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர்.

“ஏன் மாப்ள, வீட்ல பங்கு வேணும்னா வாயத் தொறந்து கேக்கக் கூடாதா? நோட்டீஸா விடுவ?”

அக்கா இருப்பது அப்பா விட்டுப்போன வீடு. அதில் பங்கென்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“என்ன நோட்டீஸ் மாமா?”

“பொருள், பார்வைன்னு பாத்ததுமே உங்கக்கா மடிச்சு வச்சுட்டா. என்னையும் தொட விடல. வீட்டுப் பத்திரத்த மடியில வச்சுக்கிட்டு அழுறா. வக்கீல வேற வரச் சொல்லியாச்சு. கேஸு முடியாம ஆபரேஷனுக்கு வரவே மாட்டாளாம். மயக்கத்துல இருக்கும்போது நீ கைநாட்டு வாங்கிருவியாம்!”

அட கடவுளே! சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினேன். கட்டிலில் பத்திரத்தோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பார்த்ததும் பாழாய்ப்போன வாய் திறந்துகொண்டது.

“ஏய், உனக்கு மூளை கீள இருக்கா? ரெண்டு மாசமா சோறு எறங்காம நான் சாகறேன், நீ கேஸுங்கற! இந்த ஓட்ட வீடு எனக்கெதுக்கு? நீயே தலையில தூக்கி வச்சுக்க!”

தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

“ஏங்க, வக்கீல வர வேணாம்னு சொல்லிருங்க. இது நம்ம பயதான்.”

பிறகு பத்திரத்துக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினாள். “அப்ப இதுல என்னதான்டா எழுதியிருக்க? படி.”

கடைசி வரிதான் கண்ணில் பட்டது. “தங்களின் அறுவைச் சிகிச்சை பற்றி அறிந்தது முதல் மிகுந்த மனக்கலக்கம் அடைந்துள்ளேன் என்பதைத் தாழ்மையுடன்…”

“அப்படின்னா?”

“பயமா இருக்குக்கா.”

அக்கா பத்திரத்தை மாமாவிடம் கொடுத்தாள். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

“எனக்கும்தான்டா,” என்றாள். “திங்கக்கெழம நீ கூட வா.”