முன்பின் தெரியாத ஒரே ஒருத்தர்

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் புதிதாக வந்த பம்பு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க் வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. பரீட்சையில் தேறிய இருபது பேரில் வடக்குப்பட்டு பரசுராமனும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் டீ பார்ட்டி, அங்கே நன்றாகப் பழகுகிறவருக்கே வேலை என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. வேலைக்கு வருகிறவருக்குக் கம்பெனியில் சொந்தக்காரர் யாரும் இருக்கக் கூடாது. இருபத்தெட்டு வயதிலும் மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்த பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டான். இதுவும் கைநழுவிப் போனால் பெண்டாட்டி லீலாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

வாலாஜாபாத் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் எடுத்த ஞானம்மா, அவனைவிட நாலு வயது சின்னவள், ஓர் இங்கிலீஷ் சொலவடையைச் சொல்லிக் கொடுத்தாள். பிரேக் தி ஐஸ். தெரியாதவர்கள் விறைப்பாக நிற்கிற இடத்தில் நாமே முதலில் போய் வாயைத் திறப்பதாம். வெயில், மழை என்று பேசலாம். எந்த ஊர், யார் பிள்ளை, கல்யாணம் ஆயிற்றா என்று மட்டும் கேட்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் பேசிப் பழகி வரச் சொன்னாள்.

அங்கேதான் வம்பு. முன்பின் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? ஒரகடம் டீக்கடையில் ஒருவரிடம் வெயில் என்று ஆரம்பித்தான். நீ யார் பிள்ளை என்றார் அவர். மூன்றாவது கேள்வியில் பெரியப்பா ஆகிவிட்டார். சரி, வெளியூர்க்காரர் கிடைப்பார் என்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனான். ரயிலில் இருந்து இறங்கிய பாப்பம்மாள் என்கிற அம்மாளிடம் மழையைப் பற்றிச் சொன்னான். அவள் அத்தை முறை என்று தெரிந்தது. டிரங்குப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் வைத்துவிட்டாள். சனிக்கிழமைக்குள் புது உறவு ஏழு, காதுகுத்துக்கு அழைப்பு இரண்டு. தெரியாதவர் ஒருத்தர்கூடத் தேறவில்லை.

பார்ட்டியிலும் அதே கூத்து. வந்திருந்தவர்களில் பதினெட்டுப் பேர் அவனுக்கு மாமன், மச்சான், பங்காளி. மூலையில் தனியாக நின்று டீயை ஊதிக்கொண்டிருந்த ஒருவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பரசுராமன் அவரைக் கண்டுகொள்ளவில்லை. நேரே டை கட்டிய ஆபீசர் ரகுபதியிடம் போனான். நாற்பது வயசு, மெட்ராஸ்காரர்.

வெயில் ஜாஸ்தி என்று இங்கிலீஷில் சொன்னான். ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். இதுவரை என்னிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, நீதான் ஆள் என்று தோளைத் தட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு கேட்டால்தானே. "சாருக்கு எந்த ஊரு?"

அம்மாவுக்கு வாலாஜாபாத் என்றார். அம்மா பெயர் என்ன? முனியம்மாள். தாய்மாமன் சம்சாரம் பெயர்? ராஜம்மா.

"அய்யோ, ராஜம்மா எங்க பெரியப்பா பொண்ணு சார். உங்களுக்கு நான் சித்தப்பா."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டைப் பையில் பாதி எழுதி வைத்திருந்த ஆர்டரை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"இன்னா சித்தப்பா இப்படிப் பண்ணிட்ட?" என்றார். தாய்மாமன் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. "இருபதுல நமக்குச் சொந்தமில்லாத ஆளு யாருன்னு நீயே சொல்லு. இல்லன்னா இந்த வேலையையே கேன்சல் பண்ணிடுவாங்க."

பரசுராமனுக்கு வயிறு எரிந்தது. யாருமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கில்லாதது எவனுக்கும் வேண்டாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் மூலையில் நின்றவர் காலியான டீ டம்ளரைக் கீழே வைக்கவும் கூச்சப்பட்டுக் கையிலேயே வைத்திருந்தார். பரசுராமன் அவரைக் காட்டினான். நீயே போய்ச் சொல் என்றார் ஆபீசர்.

போனான்.

"வெயில் ஜாஸ்தி, இல்லீங்க?"

"ஆமாங்க."

அவர் பெயர் பலராமன். இவன் வேறொன்றும் கேட்கவில்லை. இத்தனை நாளாக இப்படி ஒருத்தருக்காகத்தானே அலைந்தான். வேலை உங்களுக்குத்தான் என்று பரசுராமன் சொன்னதும் அவர் கண் கலங்கி, இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

எந்த ஊர் என்ற கேள்வி பரசுராமனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினான்.