தண்ணீர் லாரியில் கிடந்தவர்

பாலைவனத்தில் சாலை போடுவதற்காக மணலைத் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரம் எதிலோ மோதி நின்றது. தோண்டிப் பார்த்தால் ஒரு தண்ணீர் லாரி. ஐம்பது வருடத்துக்கு முன் நடந்த போரில் ராணுவம் ஓட்டியது. தொட்டியெல்லாம் குண்டுபட்ட ஓட்டை. லாரிக்கு அடியில் ஓர் எலும்புக்கூடு நேராகக் கிடத்தப்பட்டிருந்தது. முகத்தின் மேல் ஒரு துணி, அது பறக்காதிருக்க நான்கு மூலையிலும் கல். கழுத்தில் அடையாளத் தகடு.

விசாரணை பக்கத்து ஊர்ப் பெண் இன்ஸ்பெக்டரின் தலையில் விழுந்தது. தகட்டில் இருந்த எண்ணை ராணுவப் பதிவகத்துக்கு அனுப்பினாள். பதிலைப் படித்ததும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சிப்பாய் சாகவே இல்லையாம். பாலைவனத்தில் மயங்கிக் கிடந்தவரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போதைய முகவரி, காவல் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கே இருப்பவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊரே ரேடியோக்காரர் என்று கூப்பிடும் பெரியவர்.

லாரியில் போனவர்கள் இரண்டே பேர் என்று பதிவேடு சொன்னது. காவலுக்குப் போன சிப்பாய், கூலிக்கு லாரி ஓட்டிய டிரைவர். டிரைவரைக் காணவில்லை என்று எழுதி முடித்திருந்தார்கள். அப்படியானால் செத்தவன் டிரைவர்தான், தகடு எப்படியோ மாறியிருக்கிறது என்று முடிவு கட்டினாள். அரை நாள்தான் அந்த நிம்மதி. எலும்பைப் பார்த்த டாக்டர், இடது கை சின்ன வயதிலேயே முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்றார். சிப்பாயை ராணுவத்தில் சேர்த்த அன்று எழுதிய உடல் தகுதிச் சீட்டிலும் அதே கை, அதே முறிவு. மேசை மேல் இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். எலும்புக்கூடு சிப்பாய் என்றால் ரேடியோக்காரர் யார்? கொன்றுவிட்டுப் பேரைத் திருடிக்கொண்டு வந்தவரா? கொன்றவன் எதற்கு முகத்தை மூடி, மெனக்கெட்டுக் கல் வைக்க வேண்டும்?

மறுநாள் காலை கடைக்குப் போனாள். பெரியவர் ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தார். இடது கை அளவுகோல் மாதிரி நேராக இருந்தது.

லாரியைப் பற்றிக் கேட்டாள். அவர் எதையும் மறைக்கவில்லை. தலையில் அடி, வெயில் வேறு மண்டையில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நினைவெல்லாம் துடைத்துப்போயிருந்தது. கழுத்தில் தகடு இல்லை, சட்டைப்பையில் ஒட்டி மூடிய கடிதம் ஒன்று மட்டும் இருந்ததாம். அனுப்புநர் பேரைப் பார்த்து, நீ இன்னார், இது உன் பெண்டாட்டிக்கு நீ எழுதியது என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பிவிட்டார்.

அவள் இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ நான் யாரும்மா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்றாள். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். எழுத்து ஆடி ஆடிக் கிடந்தது. வயிற்றில் குண்டு பாய்ந்திருக்கிறது, நான் வரமாட்டேன், இதைக் கொண்டுவருபவர் எங்கள் டிரைவர், தன் பங்குத் தண்ணீரையும் எனக்கே கொடுத்துவிட்டார், அவருக்கு ஒரு வேளை சோறு போடு என்று எழுதியிருந்தது.

"அப்போ முதல் நாளே உங்களுக்குத் தெரியும்."

"பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. தலையெல்லாம் கட்டு. 'நான்தான் உன் புருஷன்னு சொன்னாங்க'ன்னு வந்து நிக்கிறார். மாமியாருக்குக் கண் தெரியாது, மகனேன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. குண்டு போட்டு வீடு போய் இந்த ஊருக்கு வந்தவங்க நாங்க, இவர் அவரில்லன்னு சொல்றதுக்கும் ஆளில்ல. மாமியார் இருக்கற வரைக்கும் போகட்டும்னு நினைச்சேன். அவங்க பதினாலு வருஷம் இருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இவரை விட எனக்கு மனசு வரல."

பெரியவர் மனைவியை ஊர் பேர் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசியில், செத்தவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார், நான் கூடவே இருந்தேனா என்று மட்டும் கேட்டார். கூட இருந்ததால்தான் கல் வைத்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

டிரைவரின் பேரைச் சொன்னாள். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சிப்பாயை அடக்கம் செய்தபோது ஊரே குழம்பியது. கல்லில் வெட்டியிருக்கும் பேருக்குச் சொந்தக்காரர் முன்வரிசையில் நிற்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள். மேலதிகாரி இன்ஸ்பெக்டரின் அறிக்கையை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். செத்தவர் இருக்கிறார், இருப்பவர் செத்துவிட்டார், காணாமல் போனவர் ரேடியோக் கடை வைத்திருக்கிறார் என்றால் யார்தான் கையெழுத்துப் போடுவார்?

டிரைவருக்கு ஒரு தம்பி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான். அடுத்த வாரம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபதைத் தொடும் மனிதர். அண்ணன் போருக்குப் போனபோது அவருக்கு வயது எட்டு. பெரியவரின் காதைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கலாம்" என்றார். "சரியாச் சொல்ல முடியல."

இருவரும் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"நான் உங்கள அடிச்சிருக்கேனா?" என்று கேட்டார் பெரியவர்.

"அண்ணன் நிறைய அடிச்சிருக்கார்."

"அப்போ மன்னிச்சிருங்க."

தம்பி தலையாட்டினார். அவர் திரும்பிப் போக வேண்டிய சாயங்கால பஸ் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.