ஒரு பிடி வல்லாரை

மலையிலிருந்து பீலி வழியே கொட்டுகிற தண்ணீரில் சோப்பு நுரை வழிந்து இறங்கியதும் யசோதாவின் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது தெரிந்தது. பக்கத்தில் துணி அடித்துக்கொண்டிருந்த வேலாயிதான் முதலில் பார்த்தாள்.

"என்னாடி இது? புருசன் கொழும்புல இருக்கறப்பவே இந்த அடியா?"

"தேயிலக் குச்சி பட்டிருக்கும்."

"நாங்களும் அதே மலையிலதான் கொழுந்து பறிக்கிறோம். எங்களுக்கு மட்டும் பஞ்சுலயா குத்துது? நாளைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போ. இல்லாட்டி ஒன் புருசனுக்கு நானே ஃபோன் போடுவேன்."

குச்சி பட்டது உண்மைதான். ஆனால் குச்சி பட்டதற்கு இப்படிக் கறுக்காது. காலையில் பல் துலக்கினால் எச்சில் சிவப்பாக விழுவதை அவள் வேலாயியிடம்கூடச் சொல்லவில்லை. சிறுமியாக இருந்தபோது மூட்டு வீங்கி வந்த காய்ச்சலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அது நெஞ்சுக்குள் இறங்கி வால்வைத் தின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் இரும்பு வால்வு. அதில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமலிருக்க ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு வார்ஃபரின் குளிசை. கிளினிக்கில் மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கெட்டியென்றால் குளிசையைக் கூட்டுவார்கள், தண்ணியென்றால் குறைப்பார்கள். மற்றவர்களுக்கு ஓர் அளவில் நின்றுவிடும். அவளுக்கு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஏன் ஆடியது என்று அவளுக்கு உள்ளூரத் தெரியும்.

முத்துலிங்கம் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சிமெந்து மூட்டை இறக்குகிறவன். பௌர்ணமிப் போயா லீவுக்கு மட்டும் ஹந்தானைத் தோட்டத்துக்கு வருவான். "கொழும்புக் கீரையில சாக்கடதான் நாறுது" என்பான். அவன் வருகிற அன்று யசோதா கொழுந்து பறித்துக்கொண்டே தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்து வல்லாரையையும் கிள்ளிக் கிள்ளி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் செருகிக்கொள்வாள். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிசைந்தால் சட்டி நிறையும். இரண்டு பேரும் ஒரே தட்டில் போட்டுத் தின்பார்கள். அப்புறம் அவன் அவள் நெஞ்சில் காதை வைத்து, வால்வு அடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். "வீட்டுல மணிக்கூடு எதுக்கு, நீ இருக்கயே" என்பான். அவன் போனபின் மாதம் முழுக்க ரொட்டியும் மாசிச் சம்பலும் பருப்பும். தன் ஒருத்திக்கென்று கீரை ஆய அவளுக்குக் கை எழும்பாது.

கிளினிக் எப்போதும் போயாவை ஒட்டித்தான் வரும். ஒப்பரேஷன் செய்த புதிதில் "கீரை விசயத்துல கவனம்" என்று யாரோ சொன்னதை அவள் தடையென்றே எடுத்துக்கொண்டாள். கிளினிக்கில் கேட்கும்போதெல்லாம், "கீரையா, நான் தொடுறதே இல்ல" என்றாள். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த ஒரு நாளில் என்ன மிஞ்சும்? போன மாதம் இரத்தம் கெட்டியென்று குளிசையைக் கூட்டினார்கள். அதற்குப் பிந்திய போயாவுக்கு முத்துலிங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கூட்டிய குளிசை கீரை படாத வயிற்றில் விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் கிளினிக்கில் நர்ஸ் ஷஹ்மா மிஸ் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

"ரெத்தம் தண்ணி மாதிரி ஈக்கி. இப்பிடி உட்டா உள்ளுக்குள்ள ரெத்தம் கசியும். அதிகமாப் போட்டீங்களா, இல்லாட்டி சாப்பாட்டில மாத்தமா? பயப்படாம செல்லுங்க."

யசோதா சுவரைப் பார்த்தாள். "அவுங்க வர்ற அன்னைக்கு மட்டும் வல்லாரை, மிஸ்."

"எவ்வளவு?"

குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் வளைத்துக் காட்டினாள்.

"வராட்டி?"

"ஒண்ணும் இல்ல."

ஷஹ்மா சிரிக்கவில்லை. "கீரய உட ஒத்தரும் செல்லல்ல. கீர ரெத்தத்தக் கட்டியாக்கும், குளிச தண்ணியாக்கும். ஒரு நாள் மலையா, மறுநாள் ஒண்ணுமில்லாம தின்டா நாங்க எப்பிடிக் கணக்குப் பாக்கிற? ஒரே அளவாத் தின்னுங்க. தினமும் ஒரு பிடி. அவர் வந்தாலும் அந்தப் பிடிதான், வராட்டியும் அந்தப் பிடிதான். அதுக்குத் தக்கன நாங்க குளிச தருவோம்."

யசோதா முந்தானையைத் திருகினாள். "தனியாவா மிஸ்?"

ஷஹ்மா பேனாவை மூடினாள். டொக்டர் சொன்னபடி இன்றைக்குக் குளிசை வேண்டாம், நாளைக்குத் திரும்ப வந்து இரத்தம் கொடுக்க வேண்டும், எங்கேயாவது இரத்தம் நிற்காமல் வந்தால் உடனே வர வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

மலை ஏறும்போது முத்துலிங்கம் ஃபோன் போட்டான்.

"வர்ற போயாவுக்கு லீவு கேட்டிருக்கேன். மொதலாளி மூஞ்சி சரியில்ல. நீ எதுக்கும் கீரைய நெறையப் பறிச்சு வையி."

"எனக்கு இனி ஒரு பிடிதான்."

"என்னா, கோவமா?"

"கோவமில்ல. நீங்க வந்தாலும் எனக்கு ஒரு பிடிதான். தினமும் அந்த ஒரு பிடி."

அந்தப் பக்கம் லொறி உறுமியது. யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வரப் பாக்குறேன் யசோதா."

கான் ஓரத்தில் குனிந்து பறித்தாள். விரல்கள் பழக்கத்தில் இன்னும் இன்னும் என்று போயின. பிடி நிறைந்ததும் நிறுத்தினாள். இருட்டுவதற்கு முன்னே பிசைந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் தின்கிற தட்டில் தன் பக்கத்து ஓரத்தில் மட்டும் சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள். கீழே வளைவில் கண்டி பஸ் ஹோன் அடித்தது. மெல்லுவதை நிறுத்திக் காது கொடுத்தாள். நெஞ்சுக்குள் இரும்பு அடித்துக்கொண்டிருந்தது. பஸ் நிற்காமல் மேலே போயிற்று. தட்டில் ஒரு வாய்ப் பச்சை மிச்சமிருந்தது. அதையும் வழித்துத் தின்ன வேண்டும்.