மூன்றாவது பிடி மண்

பெட்டி திரும்பவில்லை.

முன்னால் பிடித்தவர்கள் சந்து முனையில் இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தார்கள். பின்னால் பிடித்திருந்த தாமஸின் முதுகு சுவரில் உரசிச் சட்டை கிழிந்தது. ஒரு வீட்டுக்காரன் சந்துக்குள்ளேயே மாடிப்படி இறக்கியிருந்தான். எதிர்வீட்டுக்காரன் சளைத்தவனா, கக்கூஸ் கட்டியிருந்தான். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஆறேகால் அடிச் சவப்பெட்டி எப்படிப் போகும்?

"எறக்குங்கப்பா, எறக்குங்க. கை வுட்டுடப் போறீங்க" என்றான் நாகப்பன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வரைக்கும் செங்கல் லாரியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"நிமித்திப் புடிச்சா போவும்" என்று ஒரு குரல் வந்தது.

"எங்கப்பாவ நிக்க வச்சா இட்டுனு போவ? வாய மூடுய்யா!" தாமஸ் கத்தினான். கத்திய வேகத்திலேயே அக்கா பக்கம் திரும்பினான். "இன்னாக்கா இது? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்தியே, இந்த வழியாவா வந்த?"

அற்புதமேரி கையில் இருந்த மெழுகுவர்த்திக் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்த வழியாக வந்தாள் என்று என்னத்தைச் சொல்வது? ஐந்து வருஷமாக அவள் இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. ஆனால் வந்ததாக வருஷம் தவறாமல் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்தான் இப்போது பெட்டிக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஆறு ஆள் சுமக்க, இந்தச் சந்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

அப்பா இருதயசாமியைக் காஞ்சிபுரத்தில் 'அம்மை குத்துறவர்' என்றால்தான் தெரியும். இருபது வருஷம் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். குத்தி முடித்த வீட்டுக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி போடுவார். கோபுரம், குளம், மண்டபம் எல்லாம் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு. அவருக்கு ஊர் என்றால் கதவுகள்தான். கோயில் பக்கமே போகாத கிறிஸ்தவ வேதக்காரர், கோயிலைச் சுற்றியிருந்த எல்லாத் தெருவையும் ஜெபமாலை மாதிரி வரிசையாகச் சொல்வார். அறுபத்தொன்றில் மனைவி அன்னபுஷ்பம் செத்தாள். அவளை அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த மறு வருஷம், வேலை மாற்றி ஒரகடத்துப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து நவம்பர் இரண்டாம் தேதி மெழுகுவர்த்தி, பூ, சாம்பிராணி எல்லாவற்றையும் மேரியிடம் கொடுத்து அனுப்புவார். கூடவே வழியும் சொல்லி அனுப்புவார். புளியமரத்தாண்ட எறங்கு. குளத்தங்கரை மேலயே நட. கரை முடியற எடத்துல பதினோரு தென்னமரம். எண்ணிக்கினே போ, பன்னெண்டாவதா வர்றது கல்லறை கேட்டு.

முதல் சில வருஷம் அப்படித்தான் போனாள். அப்புறம் ஒரு வருஷம் புளியமரம் இல்லை, அந்த இடத்தில் லாட்ஜு. அடுத்த வருஷம் குளத்தில் பாதியைக் குப்பை கொட்டித் தூர்த்து வீடு கட்டியிருந்தார்கள். யார் மனை கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. ஆளுக்கு ஓரடி முன்னால் வந்து, வந்து, கரை சந்தாகிவிட்டது. எழுபத்தெட்டில் வந்து பார்த்தபோது கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவர் மழையில் விழுந்து, அங்கிருந்த இருபது கல்லறையும் யார் யார் வீட்டுக் கொல்லைக்குள்ளோ போய்விட்டிருந்தன. அம்மாவின் கல்லை மேரி தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு பெண்பிள்ளை அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லை யாரும் அசைக்கக்கூட இல்லை. அப்பா வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. சுற்றி வீடு வந்துவிட்டது, அவ்வளவுதான். 'அன்ன' தேய்ந்து போயிருந்தது. 'புஷ்பம்' மட்டும் சோப்பு நுரைக்குள் தெரிந்தது.

"இந்தக் கல்லு..." என்று ஆரம்பித்தாள்.

"மனையோட வந்த கல்லு. உனக்கு இன்னா?" என்று அந்தப் பெண்பிள்ளை எழுந்து நின்றாள். மேரி பயந்தாங்கொள்ளி, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "புளியமரம் கீதா?"

வாய்க்குழறலோடு, எச்சில் வழிய, கண் இரண்டையும் அகல விரித்துக்கொண்டு கேட்ட முகத்துக்கு என்ன பதில் சொல்வது? "கீதுப்பா" என்றாள். குளம்? "ரொம்பிக் கீதுப்பா." அவர் சிரித்தார். படுக்கையில் விழுந்து நாலு வருஷத்தில் முதல் சிரிப்பு. அதைப் பார்த்த சந்தோஷத்தில், கேட்காமலேயே, "அம்மா தலமாட்டுல செம்பருத்தி ஒண்ணு மொளைச்சுக் கீதுப்பா" என்றும் சொல்லித் தொலைத்தாள். அடுத்தடுத்த வருஷங்களில் அந்தச் செம்பருத்தி இடுப்பு உயரம் வளர்ந்தது, பூத்தது, அதில் தேன்சிட்டு கூடு கட்டியது. அந்த ஐந்து வருஷமும் மெழுகுவர்த்தி எல்லாம் வாலாஜாபாத் மாதா கோயிலில்தான் எரிந்தது.

இன்றைக்கு விடியற்காலை உயிர் போவதற்கு முன் அவர் கேட்டதும் அதைத்தான். "செம்பருத்தி?"

"பூத்துக் கீதுப்பா."

"என்ன... அவ பக்கத்துல."

"வைக்கிறோம்பா."

அதை உபதேசியார் யாக்கோபு காதால் கேட்டார், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மறைமலை நகரில் ஷிப்டு முடித்து ஓடிவந்த தாமஸ் மட்டும், "நம்மூர்க் கல்லறையிலயே வச்சிரலாமேக்கா" என்றான். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் ஐந்து வருஷப் பொய்யும் அப்பாவின் தலைமாட்டில் வந்து விழும். "காஞ்சிபுரம்தான்" என்றாள். எங்கேயோ ஒரு வழி இருக்காதா என்று ஒரு நப்பாசை. அந்த ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

இப்போது மணி மூன்று. மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கல்லறைத் தோட்டத்துக்கு வேற வழி இல்லியாப்பா?" என்று நாகப்பன் அந்த மாடிப்படிக்காரனைக் கேட்டான்.

"சந்து இப்ப முட்டுச் சந்துப்பா. ஆரா இருந்தாலும், அந்த வூட்டுக்குள்ள பூந்து போனாத்தான் அந்தாண்ட போவ முடியும்" என்று அவன் ஒரு கதவைக் காட்டினான். பச்சை வர்ணம் புதிதாக அடித்த கதவு.

மேரிக்கு அது எந்த வீடு என்று தெரிந்துவிட்டது.

கதவைத் தட்டியது தாமஸ். திறந்தவளுக்கு ஐம்பது வயசிருக்கும். தெருவில் பெட்டியைப் பார்த்ததும் நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"அம்மா, ஒரு உதவி..." தாமஸ் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நல்லா கீதுப்பா நீ கேக்கறது! வர்ற கார்த்திகைல எம் பொண்ணுக்குக் கல்யாணம். வெள்ளையடிச்சு நாலு நாள் ஆவல. நடு வூட்ல பொணத்த எட்த்துகினு போவணுமா?"

"பெரியவரும்மா. நாப்பது வருஷம் முன்னேலருந்து இந்த ஊரு. எங்கம்மா பக்கத்துல வைக்கணும்னு..."

"அதுக்கு எம் பொண்ணு வாழ்க்கையா கெடச்சுது?"

"செங்கமலம், வுடாதே, சொல்லிட்டேன்!" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். தூறல் விழ ஆரம்பித்தது. பெட்டியின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணியில் பொட்டுப் பொட்டாக நனைந்தது. தாமஸ் தலையில் கைவைத்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "தப்பு பண்ட்டமேக்கா, தப்பு பண்ட்டோம்" என்று குழந்தை மாதிரி அழுதான்.

மேரி முன்னால் போனாள். செங்கமலம் அவளைப் பார்த்தாள். ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் முகம் வெளுத்தது.

"நீயா?"

"நான்தான்."

"இப்ப இன்னா, அதுக்கா வந்த? கூட்டமா ஆளச் சேத்துகினு?" குரல் பாதியாக இறங்கியிருந்தது.

மேரி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்தக் கல்லைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தாமஸ் இந்த வீட்டையே ரெண்டாக்கிவிடுவான். அது செங்கமலத்துக்கும் தெரிந்தது. கல்யாண வீட்டுக்காரியை இப்படி மிரட்டுவது மேரிக்கே அருவருப்பாக இருந்தது. வாழ்க்கையில் அவள் யாரையும் மிரட்டியதில்லை. ஆனால் அப்பா மழையில் நனைந்துகொண்டிருந்தார்.

"வழி மட்டும் வுடுங்கம்மா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இன்னிக்கும் கேக்க மாட்டேன், என்னிக்கும் கேக்க மாட்டேன்."

செங்கமலம் நிலையிலிருந்து கையை எடுத்தாள். "செத்த இருங்க" என்று உள்ளே விறுவிறுவென்று போனாள்.

வீட்டுக்குள் நேராகவே வழி இருந்தது. கூடம், சமையல்கட்டு, கொல்லைக் கதவு. மூலையில் மறைப்புக்குப் பின்னால் கல்யாணப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அடுப்பில் எதையோ பாதியில் இறக்கி வைத்திருந்தார்கள். ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையடித்த சுவரில் படாமல், பெட்டியை நகர்த்தினார்கள். யாக்கோபு வழக்கமாகச் சத்தம் போட்டுச் சொல்லும் ஜெபத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கொல்லைக்கு வந்ததும் மேரி பார்த்தாள். துவைக்கிற கல்லை, எழுத்துத் தெரியாதபடி, நனைந்த கோணிச்சாக்கு ஒன்று நாலு பக்கமும் இழுத்து மூடியிருந்தது. செங்கமலம் பக்கத்தில் நின்றுகொண்டு மூச்சு வாங்கினாள்.

"கை கடுக்குதுப்பா, தோள் மாத்திக்கலாம். அந்தக் கல்லு மேல வை" என்றான் நாகப்பன்.

வைத்தார்கள். கல்லின் நீளமும் பெட்டியின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே இடத்தில். யாருக்கும் தெரியாது. மேரிக்கு, இப்படியே விட்டுவிட்டு எல்லோரும் போய்விடக்கூடாதா, கடவுளே, இங்கேயே விட்டுவிடக்கூடாதா என்று இருந்தது.

"போலாம், போலாம். மழ வலுக்குது" என்று தாமஸ் பெட்டிக்குக் கை கொடுத்தான்.

கொல்லைச் சுவரில் தகரக் கதவு. அதற்கு அந்தப்புறம் மிச்சமிருந்த கல்லறைத் தோட்டம். முள்ளும் எருக்கும் மண்டிக் கிடந்தது. தென்னைகளில் ஒன்று மட்டும், அதுவும் மொட்டையாக. குழி வெட்டுகிற மண்ணாங்கட்டி என்கிறவர் சுவரேறிக் குதித்து வந்து, கடப்பாரையோடு மத்தியானத்திலிருந்து காத்திருந்தார்.

"பேர் சொல்லி அனுப்புனாங்க, நானும் எல்லாக் கல்லையும் பாத்துட்டேன். அன்னபுஷ்பம்னு ஒண்ணும் இல்லியேம்மா. எங்க வெட்டறது?"

எல்லோரும் மறுபடி அவளைப் பார்த்தார்கள். மேரி செங்கமலம் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி வந்து நின்றாள். இதற்குமேல் கிட்டே போக முடியாது. சுவர் இருந்தது.

"இங்க."

"இங்கயா?" மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தார். "இங்க ஆருமே இல்லியேம்மா."

"கல்லு மண்ணுல எறங்கிடுச்சு. எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வர்றவ நான்தானே?"

அதைச் சொன்னபோது அவள் குரல் நடுங்கவே இல்லை. பழக்கம். தாமஸ் அவள் காட்டிய வெறும் தரையில் மண்டியிட்டான். ஈர மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எம்மா, அப்பாவ கூட்டிகினு வந்துட்டோம்மா" என்றான். மேரியால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

"செம்பருத்தி எங்கக்கா? அப்பா சொல்லுவாரே" என்று தாமஸ் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"மாடு மேஞ்சிடுச்சு போல."

வெட்டி முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. பெட்டி இறங்கியது. யாக்கோபு தீர்த்தம் தெளித்தார். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். மேரி ஒரு பிடி போட்டாள். இரண்டாவது பிடியும் போட்டாள். மூன்றாவதை அள்ளியவள், போடாமல், கையை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மழையில் யாரும் கவனிக்கவில்லை.

திரும்பவும் அந்த வீட்டு வழிதான். ஆண்கள் தலைகுனிந்தபடி வேகமாகக் கடந்து லாரிக்குப் போனார்கள். மேரி கடைசியாக வந்தாள். கொல்லையில் செங்கமலம் தவலை நிறையத் தண்ணீரும் செம்புமாக நின்றிருந்தாள். எல்லோரும் போன வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்து கோணிச்சாக்கைத் தானே எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"கை கழுவிக்கினு போ" என்றாள். மேரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மேரி மூடிய கையைக் கல்லுக்கு மேலே நீட்டினாள். செங்கமலம் செம்பைச் சாய்த்தாள். விரல்கள் திறந்தன. செம்மண் கரைந்து, கல்லில் பரவி, மிச்சமிருந்த நாலு எழுத்துக்குள்ளும் போய்த் தேங்கியது. பிறகு விளிம்பு தாண்டிக் கல்லுக்கு அடியில் இறங்கியது.

"இன்னும் ஊத்தட்டா?"

"ஊத்துங்க."