வெள்ளை வளையம்

ஏழு மணிக்கு ரம்பம் ஓடத் தொடங்கும், நான் இன்னும் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை, இந்த ஏற்றத்தில் வனத்துறை ஜீப் இப்படித்தான் முனகும்... பல் துலக்கும்போதுதான் உறைத்தது. வாயில் நுரையோடு ஐயோ என்றேன், பல்லு விழுந்துருச்சா என்றார் கணவர். பழைய திட்டம் வேறு: சரிவு முழுவதையும் மொட்டையாக வெட்டுவது, விதைக்காகச் சில தாய்மரங்களை மட்டும் விடுவது. விடவேண்டியவற்றுக்குப் பெயிண்டில் வெள்ளை வளையம், நானே கூட நின்று அடிக்க வைத்தேன். பிறகு, மழை வந்தால் மண் நிற்குமா, ஓடை என்ன ஆகும் என்று கூட்டத்தில் சண்டை பிடித்து, மொட்டை வேண்டாம், தேர்ந்த சில மரங்களை மட்டும் எடுக்கும் தேர்வு வெட்டு போதும் என்று மாற்றியதும் நானேதான். வெற்றி. தேர்வு வெட்டில் பெயிண்ட் அடித்த மரம்தான் விழும், இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? பழைய பெயிண்டை யார் சுரண்டினார்கள்? மரம் வெட்டும் ஆட்களின் மேஸ்திரியிடம் நேற்று சொன்னது ஒரே வரி, நாளைலேருந்து தேர்வு வெட்டுண்ணே. மலையில் அவர் போனுக்கு சிக்னல் கிடைக்காது. காட்டிலேயே நல்ல மரங்களாகப் பார்த்து நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன்... கண்ணாடியை இறக்கினேன். சத்தமில்லை. இன்னும் வெட்டவில்லையா, வெட்டியே முடித்துவிட்டார்களா?

வளைவு திரும்பியதும், நிற்கின்றன. எல்லாமே, வளையத்தோடு, ஒன்றும் நடக்காததுபோல. மேஸ்திரி ரம்பத்தைக் கழற்றிக் கோணியில் பரப்பிவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மேடம். சனியன் ஸ்டார்ட்டே ஆவல. இல்லன்னா இந்நேரம் ரெண்டு சாஞ்சிருக்கும்." சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. "நல்லதாப் போச்சுண்ணே, அந்தப் பெயிண்ட் விடறதுக்கு, வெட்டறதுக்கில்ல." "மெஷின் படுத்ததுக்குச் சிரிக்கிற ஆபீசர இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். பக்கத்தில் வளையமில்லாத ஒரு மரத்தில் சாய்ந்தேன், மூச்சு மெல்லத் தன் இடத்துக்கு வந்தது, பட்டை ஈரமாக, குளிர்ச்சியாக... தப்பித்தேன், தப்பித்தன. கூட்டத்தில் தேர்வு வெட்டு என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், மேசைமேல் வரைபடம், அதில் மரங்களே இல்லை, பச்சை நிறம் மட்டும். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார், எனக்கு மேலே கிளைவரை அண்ணாந்து பார்த்தார்.

"சரி மேடம், இப்ப சாஞ்சு நிக்கிறீங்களே, இது வெட்டறதா, விடறதா?"